ஓர் ஊரின் விளம்பரத்தை அவ்வூர் மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

ஒரு பகுதியின் சிறப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சொல்லியே பயணிகளையும் வணிகர்களையும் வரவழைப்பதுதான் ஊர் விளம்பரம். கிருஷ்ணகிரிக்கு மாங்கனியும் தருமபுரிக்கு ஒகேனக்கல்லும் அவ்வாறு அமைந்தவை.

வெளியூரார் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உள்ளூராரோ, நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த தங்கள் கிராமங்களுக்கு அதே காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர் தடையின்றி வருகிறதா என்பதைக் கொண்டே ஒகேனக்கல்லின் பெருமையை அளக்கிறார்கள். அது நியாயமான அளவுகோல் என்றே நான் கருதுகிறேன். ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியின்போதும், மாம்பழக் கூழ் ஆலைகள் பெங்களூரா ரக மாங்காய்க்கு என்ன விலை தரும் என்பதே விவசாயியின் கவலை. கல்யாணப் பத்திரிகை எவ்வளவு அழகாக இருந்தாலும், பந்தியில் சோறு போதுமா என்றுதானே வீட்டார் பார்ப்பார்கள்?

இதை விளம்பரத்தின் மீதான வெறுப்பு என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். மக்களுக்குத் தம் மாங்கனியின் மீது பெருமை நிறையவே உண்டு, அதன் பலனில் தமக்கும் பங்கு வேண்டும் என்றே கேட்கிறார்கள்.