விளையாட்டு வீரரின் பெயரை வேறொருவர் வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்துகொள்ள முடியுமா?

முடிகிறது. பதிவு செய்தவர் நிம்மதியாக விற்றுக்கொண்டிருப்பார். அதை நீக்கக் கோரி வீரர்தான் நீதிமன்றப் படியேற வேண்டும். இந்த வழக்குகளைத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனுக்குச் சீனாவில் நேர்ந்ததைப் பாருங்கள். ஜோர்டன் என்பதைச் சீன மொழிக்கேற்ப மாற்றிச் சீனர்கள் அவரை அழைக்கும் 'சியாவ்தான்' என்ற பெயரையே ஒரு நிறுவனம் தன் பெயராக்கிக் காலணிகளும் விளையாட்டு உடைகளும் விற்றது. பந்தோடு தாவும் ஓர் உருவத்தைச் சின்னமாக்கியது. போதாக்குறைக்கு, அவருடைய இரு மகன்களின் பெயர்களையும் பதிவு செய்தது. தற்செயலாக அமைந்த பெயர் என்று இதன் பிறகும் எப்படி நம்புவது? 2012இல் ஜோர்டன் வழக்குத் தொடுத்தார். ஜோர்டன் என்பது பலருக்கும் உள்ள குடும்பப் பெயர்தான் என்று கூறிக் கீழ் நீதிமன்றங்கள் கைவிரித்தன. 2016 டிசம்பரில்தான் உச்ச மக்கள் நீதிமன்றம், சீன எழுத்தில் உள்ள அந்தப் பெயரில் அவருக்கு உரிமை உண்டு என்றது. அப்போதும் அதே பெயரை ரோமன் எழுத்தில் எழுதிய முத்திரைகள் தப்பின. பதிவாகி ஐந்து ஆண்டுகள் கடந்த முத்திரைகளை அசைப்பதும் கடினமாக இருந்தது. தாமதத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது.

பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாருக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. அவர் ஸ்பெயினின் பார்சிலோனா அணிக்கு வருவதற்கு முன்பே, 2012 டிசம்பரில், ஒருவர் அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் விண்ணப்பித்திருந்தார். அதே நாளில் ஸ்பெயின் கோல்கீப்பர் இக்கர் காசியாஸ் பெயருக்கும் அவர் விண்ணப்பித்ததே, கால்பந்து உலகை அறிந்தவர் என்று அவரைக் காட்டிக்கொடுத்தது. தீய நோக்கம் என்று 2019இல் தீர்ப்பானது.

ஆனால் வீரர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. டெல்லியில் மதுக்கூடம் நடத்தியவரின் சொந்தப் பெயரே கௌதம் கம்பீர். தன் பெயரை அவர் விளம்பர வாசகத்தில் போடுவதை எதிர்த்துக் கிரிக்கெட் வீரர் கம்பீர் தொடுத்த வழக்கை 2017இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பெற்றோர் வைத்த பெயரை நேர்மையாகப் பயன்படுத்துபவரை எப்படித் தடுப்பது?

பட்டப்பெயரில் சிக்கல் இன்னும் அதிகம், ஏனென்றால் அதைச் சூட்டுபவர்கள் ரசிகர்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிராடி 2019இல் 'டாம் டெரிஃபிக்' என்ற பெயருக்கு விண்ணப்பித்தபோது, பேஸ்பால் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பல ஆண்டுகளாக அவர்கள் பேஸ்பால் வீரர் டாம் சீவரை அழைத்துவந்த பெயர் அது. தனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, பிறர் பயன்படுத்தாமல் தடுக்கவே விண்ணப்பித்தேன் என்றார் பிராடி. பதிவு அலுவலகம் சீவரின் பெயரைச் சுட்டிக்காட்டியே விண்ணப்பத்தை மறுத்தது.