மகள் மார்க்கெட்டிங் படிக்க வேண்டும் என்கிறாள்: குலசேகரத்து அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறாள், மார்க்கெட்டிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆறு மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸுக்கு ஒரு நிறுவனம் பெரிய தொகை கேட்கிறது, வேலைக்கு கியாரண்டி என்கிறது. நகையை வைத்தாவது கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது கட்ட வேண்டாம். அதே நேரம் பிள்ளையின் ஆசையைத் தட்டியும் விட வேண்டாம்.

அந்த மாதிரி கோர்ஸில் பெரும்பாலும் சொல்லித் தருவது எந்த ஆப்பில் எந்த பட்டனை அழுத்துவது என்பதைத்தான். பட்டன்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும். விளம்பரத் தொழிலில் மாறாத வேலை மூன்று உண்டு: விற்கிற பொருளை அடிமுடி தெரிந்துகொள்வது, வாங்குகிறவரின் சந்தேகத்தைக் கேட்டறிவது, எழுதியது பலித்ததா என்று எண்ணிப் பார்ப்பது. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தொழிலை வளர்த்தவர்கள் செய்ததும் இதைத்தான்.

கிளாட் ஹாப்கின்ஸ் என்று ஒரு அமெரிக்கர். 1923-ல் ‘சயன்டிஃபிக் அட்வர்டைசிங்’ புத்தகத்தை எழுதியவர். ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனிக்கு விளம்பரம் எழுதும் வேலை அவரிடம் வந்தது. (பொருள் பீர் என்பதை விட்டுவிடுங்கள், அவர் வேலை செய்த முறையைப் பாருங்கள்.) அப்போது எல்லா கம்பெனியும் ‘எங்களுடையது சுத்தமானது’ என்றுதான் கத்திக்கொண்டிருந்தன. ஹாப்கின்ஸ் நேராகத் தொழிற்சாலைக்குப் போனார். ஆழ்கிணற்றுத் தண்ணீர், வடிகட்டிய காற்று, பாட்டில்களை நான்கு முறை கழுவும் இயந்திரம் எல்லாம் பார்த்தார். இதையெல்லாம் ஏன் ஜனங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா கம்பெனியும் இப்படித்தானே செய்கிறது என்றார்கள். எல்லோரும் செய்யலாம், யாரும் சொல்லவில்லையே என்று அதையே விளம்பரமாக எழுதினார், விற்பனை மளமளவென்று ஏறியது.

இதற்கு உங்கள் வீட்டுப் பக்கமே ஒரு பயிற்சி இருக்கிறது. மார்த்தாண்டம் தேனுக்குப் பெரும் பங்கு வருவது நம்ம ரப்பர் தோட்டங்களிலிருந்து. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும் சமயத்தில் தேனீப் பெட்டிகளைத் தோட்டத்தில் கொண்டு வைப்பார்கள். தேனீ அங்கே பூவைத் தேடிப் போவதில்லை. மூன்று இலையும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, அதில் ஊறும் இனிப்பைத்தான் உறிஞ்சுகிறது. பெட்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சென்னையில் பாட்டில் வாங்குகிறவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? லேபிளில் ‘தூய தேன்’, ‘இயற்கைத் தேன்’ என்பதைத் தாண்டி ஏதாவது இருக்கிறதா, நீங்களே எடுத்துப் பாருங்கள்.

சீசன் முடிந்திருந்தாலும் பரவாயில்லை. இந்த லீவில் பெட்டி வைத்திருப்பவர் ஒருவரிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியைத் திறந்து அடையைக் காட்டச் சொல்லட்டும், தேன் எப்படி எடுக்கிறார்கள், எப்படி வடிகட்டுகிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதட்டும். அப்புறம் தேன் வாங்கும் பத்து வீட்டில் பேசட்டும். தேன் உறைந்துபோனால் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறது என்ற பயம் எங்கும் இருக்கிறது. நல்ல தேனும் உறையும், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும் நாலு வரிக்கு எந்த நடிகரின் படமும் ஈடாகாது.

எண்ணிப் பார்ப்பதையும் அங்கேயே பழகலாம். ஹாப்கின்ஸ் காலத்தில் விளம்பரத்தின் மூலையில் ஒரு கூப்பன் இருக்கும். பத்திரிகைக்கும் தலைப்புக்கும் தகுந்தபடி அதில் வேறு வேறு குறியீடு போடுவார்கள். எந்தக் குறியீட்டோடு அதிகக் கூப்பன் திரும்பி வந்ததோ, அந்தத் தலைப்பு ஜெயித்தது. உங்கள் மகள் ஒரே படத்துக்கு இரண்டு வாசகம் எழுதட்டும். ஒன்றில் விலை மட்டும், இன்னொன்றில் ரப்பர் தளிர் கதை. ஒரு வாட்ஸ்அப் குழுவில் ‘தளிர்’ என்று பதில் போடுங்கள், இன்னொன்றில் ‘தேன்’ என்று போடுங்கள் என்று கேட்கட்டும். எது எத்தனை வந்தது என்று எழுதி வைத்தால், பிறகு நேர்முகத்தில் காட்ட அதுவே போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். இதே ஹாப்கின்ஸ்தான் லிக்வோசோன் என்ற சர்வரோக நிவாரணியையும் விற்றுக்கொடுத்தவர். பெரும்பகுதி தண்ணீரும் கொஞ்சம் அமிலமும்தான் அது என்று 1905-ல் கோலியர்ஸ் பத்திரிகை அம்பலப்படுத்தியது. அடுத்த வருஷமே அங்கே உணவு, மருந்துச் சட்டம் வந்தது. அவருடைய திறமையை நான் மதிக்கிறேன், அந்தக் கணக்கை மன்னிக்க மாட்டேன். தேன் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மகள் ஒரு வரி எழுதினாலும் அடித்துவிடுங்கள். நம் நாட்டில் 1954-ம் வருஷச் சட்டமே அப்படிப்பட்ட விளம்பரத்தைத் தடுக்கிறது. 2019 நுகர்வோர் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

‘பெண் பிள்ளைக்கு இது ஒத்துவருமா?’ என்று வீட்டில் கேட்கிறார்களாம். ஹெலன் லான்ஸ்டவுன் ரீசார் என்ற அமெரிக்கப் பெண் கல்லூரிக்கே போகாதவர். 1908-ல் ஜே. வால்டர் தாம்சன் ஏஜென்சியின் சின்சினாட்டி அலுவலகத்தில் விளம்பர வாசகம் எழுதச் சேர்ந்தார். 1911-ல் உட்பரி சோப்புக்கு அவர் செய்த விளம்பரம் இன்றும் பாடமாக இருக்கிறது. சோப்பு வாங்குவது பெண்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு பெண்களையே சேர்த்து ஒரு பெரிய எழுத்துக் குழுவை நடத்தினார். உங்கள் மகளுக்கும் அடுக்களையும் சந்தையும் தெரியும், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

படிப்புக்கு வருகிறேன். பி.காம். சேரட்டும். நாகர்கோவிலில் ஸ்காட், இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் என்று பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இடம் இருக்கிறது. பட்டம் கையில் இருந்தால் நீங்கள் ஆசைப்படும் பேங்க் தேர்வும் கைவிட்டுப் போகாது, எந்தப் பட்டதாரியும் எழுதலாம். டிஜிட்டல் கருவிகளை இரண்டாம் வருஷத்தில் கூகுளின் ஸ்கில்ஷாப் என்ற பயிற்சி இணையதளத்தில் காசில்லாமலே கற்கலாம். அதற்கு மேலும் கோர்ஸ் வேண்டுமென்றால், அந்த நிறுவனத்திடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: மாணவர்கள் எந்த உண்மையான கடைக்கு விளம்பரம் செய்தார்கள், எவ்வளவு விற்றது? வேலை கியாரண்டி என்பதை எழுத்தில் தருவார்களா?

லீவு முடிவதற்குள் அந்தத் தேன் நோட்டோடு மகளை என்னிடம் அனுப்புங்கள். பத்து வீட்டில் பேசி முடித்தபின்னும் பதினோராவது வீட்டுக்குப் போக அவளுக்கு ஆசை இருந்தால், மூன்று வருஷத்துக்குமான திட்டத்தை உட்கார்ந்து போட்டுவிடுவோம்.