ஸ்டார் குடுத்தா அது விளையாட்டா?

கடிதம்: சார் வணக்கம். என் பொண்ணு ரெண்டாவது படிக்கிறா. ஸ்கூல்ல கணக்கை ஒரு ஆப்ல கேம் மாதிரி வச்சிருக்காங்க, சரியா போட்டா ஸ்டார், லெவல் எல்லாம் உண்டு, அவளும் ஆசையா உக்காந்து போடுறா. என் வீட்டுக்காரர் "விளையாட்டு வேற படிப்பு வேற"ங்கறார். நல்லா படிச்சவங்கன்னா யாருன்னே எனக்கு இப்ப டவுட்டா இருக்கு. – ஒரு வாசகி

பதில்: வணக்கம்மா. பிள்ளைங்களுக்கு படிப்பைக் கட்டாயப்படுத்திப் புகட்டாதீங்க, விளையாட்டா சொல்லிக்குடுங்கன்னு அந்தக் காலத்து கிரேக்க தத்துவஞானி பிளேட்டோவே எழுதி வச்சிருக்கார், அதனால விளையாட்டு கூடாதுங்கற வாதம் எனக்கு ஒத்துவராது. எனக்கு உறுத்துறது அந்த ஸ்டார்தான். 1973-ல அமெரிக்காவுல மார்க் லெப்பர்ங்கற உளவியல் ஆய்வாளரும் கூட ரெண்டு பேரும் ஒரு ஆய்வு பண்ணாங்க. ஸ்கெட்ச் பேனாவால வரையறதுன்னா உசுரா இருந்த நர்சரி பிள்ளைங்க சிலர்கிட்ட, வரைஞ்சா பரிசுன்னு முன்னாடியே சொல்லி வரைய விட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு பரிசுப் பேச்சே இல்லாம பேனாவை சும்மா வச்சுப் பாத்தா, மத்த பிள்ளைங்க வரைஞ்ச நேரத்துல பாதிதான் இவங்க வரைஞ்சாங்க. ஸ்டார் ஒட்டுனாலும் ஹோம்வொர்க் ஹோம்வொர்க்தான்.

நெஜமான ஆட்டம் வேற. பிள்ளைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராய்ஞ்ச உளவியல் அறிஞர் ழான் பியாஜே, சுவிட்சர்லாந்துல கோலி ஆடுற பசங்ககிட்ட போய், எனக்கு மறந்துபோச்சு, சொல்லிக்குடுன்னு உக்காந்துக்குவார், அப்புறம் இந்த ரூலை மாத்தலாமான்னு மெதுவா கேப்பார். பொடிசுங்க, அதெல்லாம் பெரியவங்க வச்சது, மாத்தவே கூடாதுன்னுச்சாம். பத்து வயசு தாண்டினவங்க, எல்லாரும் ஒத்துக்கிட்டா மாத்திக்கலாம்னாங்க. இதை எந்த வாத்தியாரும் பாடமா நடத்தல, சண்டை போட்டு, அழுகுணி ஆட்டம் ஆடுனவனை வெளிய தள்ளி, மறுபடி சேத்துக்கிட்டு அவங்களா புரிஞ்சுக்கிட்டது.

என் கணக்குல நல்லா படிச்சவன்னா, தோக்கும்போதும் ரூலை மதிக்கறவன், ரூல் தப்புன்னா நாலு பேர்கிட்ட பேசி மாத்தத் தெரிஞ்சவன். (நாலு டிகிரி வாங்கிட்டு, வாதத்துல தோத்தா பிளாக் பண்ணிட்டுப் போறவங்களும் இருக்காங்க, விடுங்க.) அதுக்காக வாய்ப்பாட்டை விட்டுடாதீங்க, அது மனப்பாடம்தான், வேற வழியில்ல.

அந்த ஆப்ல ஸ்டாரை மறைக்க வழி இருந்தா கொஞ்ச நாள் மறைச்சுட்டு, அவளா தொறக்கறாளான்னு பாருங்க. அப்புறம் வீட்டுக்காரரையும் உக்கார வச்சு மூணு பேருமா ஒரு பகடை ஆட்டம் ஆடுங்க, ஒரு ரூலாவது அவ வைக்கட்டும். வேணும்னே மட்டும் தோத்துக் குடுக்காதீங்க, கண்டுபிடிச்சுடுவா.