ஏற்காட்டுத் தந்தையின் கேள்வி: பள்ளி நாள் காலையில் இரண்டு மகள்களுக்கும் தலை பின்னுவது எப்படி?

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் வசிக்கிறோம். என் மனைவி சேலத்தில் செவிலியராகப் பணிபுரிவதால், காலையில் முதல் பேருந்திலேயே மலையிறங்கி விடுவார். இரண்டு மகள்களுக்கும் தலை வாரி அனுப்புவது என் பொறுப்பு. மூத்தவளுக்குப் பதினொரு வயது. நெளிநெளியான, அடர்த்தியான முடி இடுப்பு வரை இருக்கிறது. பள்ளி விதிப்படி அவளுக்கு இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். நான் பின்னினால் மதியத்துக்குள் அவிழ்ந்து விடுகிறது. இறுக்கிப் பின்னினால் தலை வலிக்கிறது என்கிறாள். காதோரத்தில் முடி குறைந்தது போலவும் தெரிகிறது. ஆறு வயது இளையவளுக்கு மெல்லிய முடி, கழுத்து வரைதான். எந்தக் கிளிப்பும் அதில் நிற்பதில்லை. தலைக்குக் குளித்தால் பனிமூட்டத்தில் முடி காய்வதும் இல்லை. எளிய வழிகள் சொல்வீர்களா?

பதில்: கேள்வியின் நடுவே போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் காதோர முடியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவை எல்லாம் வசதி சம்பந்தப்பட்டவை, இது ஒன்றுதான் தள்ளிப்போடக் கூடாதது. நாள்தோறும் ஒரே இடத்தில் முடியை இழுத்துக் கட்டுவதால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் வகிட்டிலும் முடி மெலிந்து உதிர்வதைத் தோல் மருத்துவர்கள் ‘டிராக்‌ஷன் அலோபீசியா’ என்கிறார்கள். பின்னி முடித்தவுடன் தலை வலிக்கிறது என்று குழந்தை சொல்வதுதான் அதன் முதல் அறிகுறி. அடுத்து வேர்க்கால்களைச் சுற்றிச் சிவப்போ சிறு பொரிகளோ தோன்றும். அதற்கும் பிறகுதான் முடி குறைவது கண்ணுக்குத் தெரியும். இந்த நிலையில் இழுப்பை நிறுத்தி விட்டால் முடி பெரும்பாலும் திரும்ப வளர்ந்து விடும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர்க்கால் தழும்பாகி, அந்த இடத்தில் பிறகு முடி வளராது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், இன்றே தளர்த்தினாலும் காதோரத்தில் புது முடி தெரிய இரண்டு மூன்று மாதங்களாவது பொறுக்க வேண்டும். அதுவரை மடித்துக் கட்டாமல் தளர்வான ஒற்றைச் சடையோடு வர அனுமதி கேட்டு வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்து விடுங்கள். காரணத்தை எழுதிக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை.

சடை அவிழ்கிறதே என்றுதான் நீங்கள் இறுக்குகிறீர்கள். ஆனால் வேரில் இறுக்கம் போதாமல் எந்தச் சடையும் அவிழ்வதில்லை. பின்னுவதற்குப் பிரிக்கும் மூன்று கால்களும் சமமான கனத்தில் இல்லாததாலோ, பின்னும்போது விரல்கள் பின்னலை விட்டு விலகிக் கீழே நிற்பதாலோ, நுனியில் வழுக்கும் ரிப்பனை மட்டும் நம்பிக் கட்டுவதாலோதான் அவிழ்கிறது. ஆகவே வேரிலிருந்து முதல் மூன்று நான்கு பின்னல்கள் தளர்வாக இருக்கட்டும். இறுக்கம் அதற்குக் கீழே தொடங்கி நுனி வரை இருக்கட்டும். பல வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: வேரில் கண் சுருங்கும் அளவுக்கு இழுத்து விட்டு, நுனிக்கு வரும்போது கை சோர்ந்து ஏனோதானோ என்று முடிக்கிறார்கள்.

காலை நேரத்தைத் தின்பதும் பின்னல் அல்ல, சிக்குதான். அதை முந்தைய இரவே முடித்து விடுங்கள். இரவு உணவுக்குப் பின் மூத்தவளைத் தாழ்வான முக்காலியில் உட்கார வைத்து, நீங்கள் நாற்காலியில் அமர்ந்து கொள்ளுங்கள். நின்று கொண்டு வாரினால் உங்கள் கை தானாகவே முடியை மேல்நோக்கி இழுக்கும். பல் அகன்ற சீப்பால் முதலில் நுனியில் நான்கு விரற்கடை அளவுக்கு மட்டும் சிக்கெடுத்து, அது வழுவழுவென்று ஓடிய பிறகு சற்று மேலே சென்று, இப்படிப் படிப்படியாக உச்சியை அடைய வேண்டும். சீப்பு ஓடும் இடத்துக்கு மேலே மற்றொரு கையால் முடியைப் பற்றிக் கொண்டால் இழுப்பு அந்தக் கையோடு நின்று விடும், வேருக்குப் போகாது. நெளி முடியில் சிக்கு நுனியில்தான் சேரும் என்பதால், சில சொட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனிப்பகுதியில் மட்டும் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். உங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி இரவுகளில் அது கட்டியாகத்தான் இருக்கும். புட்டியைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் உருகி விடும். அடுப்பில் நேரடியாகக் காய்ச்ச வேண்டாம். கடைசியாகக் கழுத்துக்குக் கீழே தொடங்கும்படி தளர்வான ஒற்றைப் பின்னல் போட்டு, துணி சுற்றிய ரப்பர் பேண்டால் முடித்து உறங்க அனுப்புங்கள். காலையில் அதை அவிழ்த்தால் முடி பின்னலின் மடிப்போடு அடங்கி நிற்கும். சீப்பை மேலோட்டமாக ஒரு முறை ஓட்டினால் போதுமானது.

இனி, பள்ளியில் அனுமதி கிடைக்காவிட்டாலும், காதோர முடி வளர்ந்த பிறகும் தேவைப்படும், மடித்துக் கட்டும் இரட்டைச் சடை. வால் சீப்பின் கூர்முனையால் நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை வகிடெடுங்கள். வகிடு பிடரியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒரு சடை தடித்தும் மற்றொன்று மெலிந்தும் போகும்; மெலிந்த சடைதான் முதலில் அவிழும். வகிட்டையும் தினமும் ஒரே கோட்டில் எடுக்காதீர்கள். ஒரு வாரம் நேர் நடுவே, மறு வாரம் ஒரு விரல் இடப்பக்கம், அடுத்த வாரம் வலப்பக்கம் என்று மாற்றினால் வகிடு அகலமாவதைத் தவிர்க்கலாம், பள்ளியிலும் யாருக்கும் உறுத்தாது. ஒரு பாதியைக் கிளிப்பில் ஒதுக்கி விட்டு, மறுபாதியைக் காதுமடலுக்குப் பின்னால், காதின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடியுங்கள். காதுக்கு மேலே தொடங்குவதால்தான் காதோர முடி இழுபடுகிறது. மடித்துக் கட்டும்போது சடை எப்படியும் காது வரை ஏறி விடும். அதனால் தொடக்கம் தாழ்வாக இருப்பது வெளியில் தெரியாது.

மூன்று கால்களாகப் பிரித்துப் பின்னத் தொடங்குங்கள். விரல்கள் கடைசியாகப் போட்ட பின்னலை ஒட்டியே இறங்க வேண்டும். பாதி நீளம் வந்ததும், சுமார் ஒரு மீட்டர் நீள ரிப்பனின் நடுப்பகுதியைப் பின்னலின் பின்பக்கம் வைத்து, அதன் இரு முனைகளையும் இரண்டு கால்களோடு சேர்த்துப் பிடித்து நுனி வரை பின்னுங்கள். ரிப்பன் முடியோடு கலந்து விடுவதால் நுனி நழுவாது. நுனியில் சிறிய ரப்பர் பேண்டைப் போட்டு, சடையை மேல்நோக்கி மடித்து, தொடங்கிய இடத்தைச் சுற்றி ரிப்பனைக் கொண்டு வந்து பூ முடிச்சுப் போடுங்கள். வழுக்கும் பளபளப்பு ரிப்பனை விடச் சற்றுச் சொரசொரப்பான ரிப்பன் நன்றாக நிற்கும். நோட்டுக்கட்டுக்குப் போடும் வெறும் ரப்பரை மட்டும் தொடவே தொடாதீர்கள். கழற்றும்போது அது பத்து முடியையாவது பிய்த்துக் கொண்டுதான் வரும். எல்லாம் முடிந்ததும் வால் சீப்பின் முனையைக் காதோர முடிக்கு அடியில் நுழைத்து மெல்ல உயர்த்தி விடுங்கள். பிறகு மகளைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றிப்பொட்டில் தோல் இழுப்பதாகச் சொன்னால் இன்னும் சற்றுத் தளர்த்த வேண்டும். கை பழகும் வரை, ஜன்னல் கம்பியில் மூன்று ரிப்பன்களை முடிந்து பின்னிப் பாருங்கள். அழாத, ஆடாத தலையில் பயிலும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

விடுமுறை நாள்களில் இரட்டைச் சடை வேண்டாம். பிடரியில் தொடங்கும் ஒற்றைச் சடையோ, ஒரு தோள் பக்கமாக முன்னே விழும் சடையோ போதும். மூத்தவளுக்கு விளையாட்டோ நடனமோ இருந்தால், அந்த ஒற்றைச் சடையையே சுருட்டித் தாழ்வான கொண்டையாக்கி இரண்டு மூன்று ஹேர்பின் குத்தலாம். ஹேர்பின்னின் நெளிந்த கால் தலைப்பக்கம் இருக்க வேண்டும். நம்மில் பலர் அதை மாற்றித்தான் குத்துகிறோம், பிறகு பின் நிற்கவில்லை என்கிறோம். உச்சியில் இழுத்துக் கட்டும் குதிரைவால் பார்க்க எடுப்பாக இருந்தாலும், இடுப்பு வரை நீண்ட அடர்முடியின் கனம் முழுவதையும் நெற்றியோர முடிதான் சுமக்க வேண்டியிருக்கும் என்பதால் உங்கள் மகளுக்கு அதை நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை உங்கள் மனைவி சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டிலிருந்து குண்டுமல்லி வாங்கி வந்தால், சரத்தைச் சடை தொடங்கும் இடத்தில் செருகாமல், சற்றுக் கீழே பின்னலுக்குள் பின் குத்தி வைக்கலாம். தொடுத்த பூ ஈரத்தோடு நல்ல கனம் இருக்கும்.

இளையவளுக்குப் பின்னல் எதுவும் தேவையில்லை. மெல்லிய முடியில் கிளிப் நிற்காததற்குக் காரணம் கிளிப் பிடித்துக் கொள்ள அங்கே எதுவும் இல்லாததுதான். முன்முடியில் ஒரு விரல் அகலம் எடுத்து இரண்டு முறை முறுக்கி, முறுக்கின் முடிவில் மிகச் சிறிய துணி ரப்பரைப் போட்டு, அதன் மேல் டிக்டாக் கிளிப்பை அழுத்துங்கள். மாலை வரை நகராது. இருபுறமும் இப்படியே செய்து மீதி முடியை விட்டு விடலாம். அவளுக்கும் இரட்டைக் குடுமி வேண்டுமென்றால் காதுக்குப் பின்னால் தாழ்வாகப் போடுங்கள். கழுத்து நீள முடியில் குடுமி ஓர் ஈர்க்குக் கட்டு போல விறைத்து நிற்கும், அதைப் படியவைக்க முயலாதீர்கள். தலைக்குக் குளித்த அன்று மெல்லிய முடி இன்னும் வழுக்கும். அன்றைக்குத் துணி ஹேர்பேண்டு மட்டும் போதும். காதுக்குப் பின்னால் அழுத்தும் பிளாஸ்டிக் பேண்டு வேண்டாம். என்னைக் கேட்டால், ஆறு வயதில் கழுத்தளவு பாப் கட் செய்து விடுவதே அவளுக்கும் உங்களுக்கும் நிம்மதி. ஆனால் அக்காவின் சடையைப் பார்த்து ஏங்கும் குழந்தையிடம் அது எடுபடுமா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

முடி காய்வது மலையில் தனிப் பிரச்சினை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காற்றிலேயே ஈரம் நிற்கும் ஊரில், சேலத்து வெயிலை மனத்தில் வைத்து வகுத்த குளியல் நாள்கள் பொருந்தாது. செவ்வாயும் வெள்ளியும்தான் பெண் பிள்ளைகள் தலைக்குக் குளிக்க வேண்டும் என்ற வழக்கத்தை, பெரியவர்கள் ஒப்புக் கொண்டால், சனி அல்லது ஞாயிறு முற்பகலுக்கு மாற்றுங்கள். இடையில் ஒரு முறை தேவைப்பட்டால் பள்ளி விட்டு வந்தவுடன், விளக்கு வைப்பதற்குள் முடித்து விட வேண்டும். ஈர முடி உலர்ந்த முடியை விட எளிதாக நீண்டு அறுந்து போகும். ஈரத்தோடு பின்னினால் அது உலரும்போது இழுப்பும் கூடும். உள்ளே ஈரம் தங்கி நாற்றமும் அரிப்பும் வரும். தடித்த டர்க்கித் துண்டால் தேய்ப்பதை விட, ஈரிழைத் துண்டைச் சுற்றி அழுத்தி, நனைந்ததும் வேறொன்றை மாற்றுவது நல்லது. ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வேர்ப்பகுதியை மட்டும் உலர்த்துங்கள். சாம்பிராணிப் புகை காட்டும் பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கலாம். மூச்சிழுப்போ சளியோ உள்ள குழந்தைக்கு அது ஆகாது. அரப்புத் தூள் போடுவதானால் சலித்துக் கரைத்துப் போடுங்கள், அடர்முடியில் தங்கி விடும் தூள்தான் மறுநாள் அரிப்பாகத் தெரியும்.

இருவரும் ஒரே கட்டிலில் உறங்குபவர்கள் என்றால், ஒருத்திக்குப் பேன் வந்தால் மற்றவளுக்கும் பார்க்க வேண்டும். பேன் தாவாது, தலையோடு தலை படும்போது ஊர்ந்துதான் வரும். சீப்பும் ரிப்பனும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். ஈர முடியில் பேன் சீப்பால் வாரி எடுங்கள். மருந்து போட்டால், ஈர் பொரிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால் ஏழு முதல் பத்து நாள்களுக்குள் மறுமுறையும் போட வேண்டியிருக்கும். அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இறுக்கத்தைக் குறைத்து இரண்டு மூன்று மாதங்கள் ஆகியும் காதோரத்தில் புது முடி தெரியாவிட்டாலோ, வட்டமாக வழுவழுவென்று முடியே இல்லாத இடம் தென்பட்டாலோ, செதில் உதிர்ந்து முடி குட்டையாக ஒடிந்து நின்றாலோ, அது பின்னலின் வேலையாக மட்டும் இல்லாமல் இருக்கலாம். புழுவெட்டாகவோ படர்தாமரையாகவோ இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெங்காயச் சாறு, மிளகு என்று வீட்டில் தேய்த்துக் காலம் கடத்த வேண்டாம்.

பதினொரு வயதில் மூத்தவளே தன் சடையைப் பின்னிக் கொள்ளலாம். இரட்டைச் சடை அதற்கு மிகவும் வசதியானது, ஏனெனில் இரண்டு பாதிகளையும் தோளுக்கு முன்னே கொண்டு வந்து கண்ணால் பார்த்தே பின்னலாம். தன் தலையில் எங்கே இழுக்கிறது என்பதும் உங்களை விட அவளுக்கே முதலில் தெரியும். பிடரி வகிட்டை எடுத்துக் கொடுப்பதும், கடைசியில் மடித்து ரிப்பனை முடிவதும் மட்டும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.