லேடிலுக்குள் ஆர்கான் செய்யும் வேலை

கேள்வி: எஃகு ஆலையில், லேடில் எனப்படும், உருகிய எஃகைத் தாங்கும் பெரிய கொள்கலனின் அடியிலிருந்து ஆர்கான் வாயுவைச் செலுத்தி உருகிய எஃகைக் கலக்குகிறார்கள். உள்ளே நடப்பதைக் கணினி எப்படிக் கணிக்கிறது? அதை நம்பலாமா?

பதில்: ஏறத்தாழ 1600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஒளி ஊடுருவாத எஃகுக்குள் எட்டிப் பார்க்க இயலாது என்பதால்தான் கணிப்பே தேவைப்படுகிறது. கொள்ளளவைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பாய்மங்களின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினி தீர்க்கிறது. குமிழ்கள் மேலே இழுத்துச் செல்லும் எஃகு மேற்பரப்பில் பரவிச் சுவரோரமாக இறங்குவதும், சேர்த்த பொருள் 95 விழுக்காடு சீராகக் கலக்கும் நேரமும் அதிலிருந்து தெரியவருகின்றன. வாயுத் துளையை மையத்திலிருந்து விலக்கி, ஆரத்தின் பாதித் தொலைவில் வைத்தால் பெரும்பாலும் விரைவாகக் கலக்கிறது. முடிவுகளை, எஃகுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்பிய மாதிரியில் சரிபார்க்கலாம். இயக்கப் பாகுநிலையில் (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்த அளவில்) தண்ணீரும் உருகிய எஃகும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால், மேலே மிதக்கும் கசடை விட்டுவிட்டுச் செய்த கணக்கை ஆலைக்கு அப்படியே கொண்டுசெல்வதை நான் ஏற்கமாட்டேன்: கசடு சுழற்சியின் ஆற்றலை உறிஞ்சிக் கலக்கும் நேரத்தை நீட்டிக்கிறது.