கோவைக்குப் போனால் ஏன் மறுபடி ஸ்கேன்?

கேள்வி: நாங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயிற்றுவலி என்று ஊட்டியில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் சின்னக் கட்டி மாதிரி தெரிகிறது என்று ரிப்போர்ட் வந்தது. ஃபிலிமோடு கோவைக்குப் போனால், அங்கே டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்கிறார். மலையில் இருக்கும் மெஷின் தரம் குறைந்ததா? இனி எல்லாவற்றுக்கும் நேராகக் கோவைக்கே போய்விடலாமா?

பதில்: மெஷினைக் குறை சொல்லும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, டாக்டர் கையில் நீங்கள் கொடுத்தது என்ன? வயிற்றுக்கு ஒரு சி.டி. எடுத்தால் நூற்றுக்கணக்கில் படங்கள் உருவாகும். ஃபிலிமில் அச்சாவது அதில் கொஞ்சம்தான். பொடிப் பொடியாக அச்சான படங்களை வைத்து, ஈரலில் இருக்கும் சின்னக் கட்டியைப் பற்றி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது, முதல் ஸ்கேனுக்குப் போனபோது சீட்டில் என்ன எழுதியிருந்தது? வெறும் ‘வயிற்றுவலி’ என்றால், வழக்கமான முறையில் எடுத்திருப்பார்கள். ஈரல் கட்டி எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் படத்தில் ரத்த ஓட்டத்தை எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றி, அது ரத்தத்தில் பரவப் பரவ வெவ்வேறு கட்டங்களில் எடுக்க வேண்டும். சுமார் 30, 40 நொடியில் ஒருமுறை, 70 நொடி வாக்கில் ஒருமுறை, சில நிமிடம் கழித்து இன்னொருமுறை. ஒரே கட்டத்தில் எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அந்த மெஷினும் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கலாம். கேட்ட கேள்விதான் வேறு.

ஸ்கேனில் தரம் என்று நான் மதிப்பது இதைத்தான்: டாக்டரின் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்ததா, அதுவும் தேவைக்கு மேல் கதிர்வீச்சு கொடுக்காமல், உரிய நேரத்தில் கிடைத்ததா? விளம்பரப் பலகையில் 128 ஸ்லைஸ் (மெஷின் ஒரு சுற்றில் எடுக்கும் படத் துண்டுகளின் எண்ணிக்கை) என்று எழுதியிருப்பது, துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தைப் படமெடுக்க உதவும். சிறுநீரகக் கல்லைப் பார்க்க 16 ஸ்லைஸே தாராளம்.

எந்தப் பரிசோதனை என்பதும் தரத்தில் சேர்த்திதான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோய் இருக்கிறது; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து ரத்த ஓட்டத்தை அடைக்கும் பரம்பரை நோய் அது. அந்த நோய் உள்ள ஓர் இளைஞர் இடுப்புவலி என்று வந்தால், தொடை எலும்பின் தலைப்பகுதி ரத்த ஓட்டமில்லாமல் கெட ஆரம்பித்திருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று அவரைத் திருப்பி அனுப்பினால், அந்த எக்ஸ்ரே எத்தனை அழகாக வந்திருந்தும் பயனில்லை. பித்தப்பைக் கல்லுக்கு நேர்மாறு: சி.டி.யில் தெரியாத சில கற்கள் சாதாரண அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும். ஆனால் ஆறு மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும். குளிருக்கு இதமாக ஒரு பால் டீ குடித்துவிட்டு முதல் பஸ் ஏறினால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது.

கதிர்வீச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட். வயிற்று சி.டி.க்குச் சுமார் 8 முதல் 10. இயற்கையிலேயே ஒருவருக்கு வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 கிடைக்கிறது. ஆகவே காரணம் இருந்தால் மறுபடி எடுக்கப் பயப்பட வேண்டாம். படம் கைக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் எடுப்பது சரியில்லை.

அதனால் இப்போது செய்ய வேண்டியது: ஊட்டி மையத்தில் முழுப் படங்களையும் ‘டைகாம்’ என்னும், மருத்துவப் படங்களுக்கான கம்ப்யூட்டர் கோப்பு வடிவில் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். ரொம்ப நாள் விட்டால் அழித்துவிடக்கூடும். கோவை டாக்டரிடம் அதைக் காட்டி, ‘இது போதுமா, இல்லை கான்ட்ராஸ்ட் கட்டங்கள் வேண்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டும் என்றால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். இந்தமுறை சீட்டில் சந்தேகம் என்ன, முன்பு என்ன ஆபரேஷன், என்ன நோய் என்று விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். பல மையங்களில் படத்தை வேறு ஊரிலிருந்தபடியே ரேடியாலஜிஸ்ட் படிக்கிறார். அதில் தவறில்லை. ஆனால் அம்மாவைப் பார்க்காத அவருக்கு அந்தச் சீட்டுதான் எல்லாம்.

ஒரு மையம் நல்லதா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது அங்கே கேட்கும் கேள்விகளை. கான்ட்ராஸ்டுக்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), அலர்ஜி விசாரிக்கிறார்களா? இளம்பெண்களிடம் கர்ப்பமா என்று கேட்கிறார்களா? பழைய படத்தைக் கொண்டுவரச் சொல்கிறார்களா? எக்ஸ்ரே, சி.டி.க்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், அல்ட்ராசவுண்டுக்கு, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுச் சான்று மாட்டியிருக்க வேண்டும். அப்புறம், ஃபிலிமை ஈரம் போக அடுப்புப் பக்கமோ ஹீட்டர் பக்கமோ வைக்காதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். இப்போது வருபவை பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் ஃபிலிம்கள். சூடு பட்டால் கறுத்துவிடும்.

நேராகக் கோவைக்கே போகலாமா என்றால், ஆறஅமரத் திட்டமிட்டுப் பார்க்கும் நோய்க்குப் போகலாம். தலையில் அடி, திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது என்றால் கூடாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலை ஸ்கேன் பார்த்தாக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் மலைப்பாதையிலேயே அந்த நேரம் போய்விடும். அப்போது 108-ஐ அழைத்து, சி.டி. வசதி உள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கே போங்கள்.