டாக்டரிடம் கேளுங்கள்: துளை சிறிது, உள்ளே வேலை பெரிது

வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி, வாய் அல்லது ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப்பி பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வயிறு, குடல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு வயது 58, பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பிக்குத் தேதி குறித்தாயிற்று. ஒப்புதல் படிவத்தில் ‘தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யவும் சம்மதம்’ என்று இருக்கிறது. ஓட்டை போட்டுச் செய்வதில் ஆபத்தே கிடையாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பிறகு ஏன் அந்த வரி?
*– வாசகி, நெல்லிக்குப்பம்*

அந்த வரி இல்லாத படிவத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

வெளியே தெரிவது நான்கு துளைகள். தொப்புளில் 10 மி.மீ. அளவில் ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது விலாவுக்குக் கீழே 5 மி.மீ. அளவில் இரண்டு. இதனால் கிடைக்கும் லாபம் உண்மையானது. வலி குறைவு, புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு, பெரும்பாலோர் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் எடுப்பது அதே பித்தப்பை, கொடுப்பது முழு மயக்க மருந்து. ஒரு விஷயத்தில் திறந்த ஆபரேஷனைவிட இதில் ஆபத்து சற்றுக் கூடுதலாகவே பதிவாகியிருக்கிறது: பொதுப் பித்தநாளம் வெட்டுப்படுவது. திறந்து செய்த காலத்தில் ஆயிரத்தில் ஒருவர், இருவர். லேப்ராஸ்கோப்பியில் மூன்று முதல் ஐந்து பேர் என்று நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அனுபவம் கூடியபின் பல இடங்களில் இது குறைந்திருக்கிறது.

ஏன் நடக்கிறது? பித்தப்பையை இழுத்துப் பிடிக்கும்போது, அதிலிருந்து வரும் சிறு குழாயும் கல்லீரலிலிருந்து இறங்கும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடும். வீக்கம் இருந்தால் எது எது என்று திரையில் பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால் குழாயை அடைத்து வெட்டக் கிளிப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: பித்தப்பைக் குழாய், பித்தநாளம், கல்லீரல் மூன்றுக்கும் நடுவிலுள்ள முக்கோணப் பகுதியில் கொழுப்பு முழுக்க விலக்கப்பட்டிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ்ப் பகுதி கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய்கள் என்று உறுதியாக வேண்டும். தெரியவில்லையா, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வயிற்றைத் திறக்கலாம், அல்லது பித்தப்பையின் கழுத்துப் பகுதியை விட்டுவிட்டு மீதிப் பையை மட்டும் எடுக்கலாம். திறந்துவிட்டார்கள் என்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். பல சமயம் கெட்டுப்போகாமல் காத்ததே அந்த முடிவுதான்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘திறக்க வேண்டிவந்தால் நீங்களே செய்வீர்களா?’, ‘பித்தநாளத்திலும் கல் இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா?’ அப்பாவுக்குக் கண் மஞ்சளாகியிருந்தாலோ, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போயிருந்தாலோ, கல்லீரல் ரத்தப் பரிசோதனை உயர்ந்திருந்தாலோ பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் தேவைப்படும். நாளத்தில் கல் இருந்தால் பெரும்பாலும் வாய் வழியே பித்தநாளம் வரை போகும் ஈ.ஆர்.சி.பி. எண்டோஸ்கோப்பி மூலம் முதலில் அதை எடுப்பார்கள். அதற்கும் ஒரு ஆபத்து உண்டு. நூற்றில் மூன்று முதல் பத்துப் பேருக்குக் கணைய அழற்சி வரலாம். அதைக் குறைக்கத்தான் ஆசனவாயில் 100 மி.கி. டைக்ளோஃபினாக் அல்லது இண்டோமெத்தசின் வைக்கிறார்கள். வேறு எதற்கோ என்று நினைத்து மறுத்துவிடாதீர்கள்.

வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, எந்தத் தொந்தரவும் தராத கல் என்றால் பெரும்பாலோருக்கு ஆபரேஷனே வேண்டாம்.

லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். வயிற்றைவிட வலது தோள்தான் வலிக்கிறது. படுக்க வைத்தபோது பிசகிவிட்டதா?
*– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

இல்லை. வயிற்றை உப்ப வைக்க 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கரியமில வாயு செலுத்துவார்கள். மிச்ச வாயு உதரவிதானத்தின் அடியில் தங்கி அதை உறுத்தும். அந்த நரம்பின் வேர் கழுத்தில் இருப்பதால் வலி தோளில் தெரியும். எழுந்து நடங்கள். இரண்டு, மூன்று நாளில் போய்விடும்.

நாளுக்கு நாள் தேவலை ஆக வேண்டும், அதுதான் அளவுகோல். வயிற்று வலி கூடிக்கொண்டே போவது, வயிறு உப்புவது, வாந்தி நிற்காதது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாடி 100-ஐத் தாண்டுவது, கண் மஞ்சளாவது – இதில் ஒன்று இருந்தாலும் ‘கேஸ் வலி’ என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பித்தக் கசிவும் குடலில் பட்ட காயமும் பெரும்பாலும் முதல் வாரத்தில் இப்படித்தான் தலைகாட்டும்.

மனைவிக்குத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை எடுத்தார்கள். தொப்புள் புண் நன்றாக ஆறியது. ஒரு மாதம் கழித்து அங்கே கட்டி வந்து நீர் கசிகிறது. மூன்று முறை ஆன்டிபயாடிக் மாற்றியும் மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது. சீழ் பரிசோதனையில் ‘கிருமி வளரவில்லை’ என்று வந்தது.
*– வாசகர், வில்லியனூர்*

நீங்கள் சொல்லும் கால இடைவெளியே முக்கியமான தடயம். சாதாரணச் சீழ் முதல் பத்து நாளுக்குள் வந்துவிடும். ஆறிய புண் மூன்று முதல் ஆறு வாரத்தில் கட்டியாகி, மெல்லிய நீர் கசிந்தால், காசநோய்க் கிருமியின் பங்காளிகளான வேறு மைக்கோபாக்டீரியாக்களைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்பவை இவை. வீட்டில் மற்றவருக்குத் தொற்றாது.

வருவது பெரும்பாலும் கருவி வழியாகத்தான். லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் நீளமான, உள்ளீடற்ற குழாய்கள். இணைப்புகளில் சதைத் துணுக்கும் ரத்தமும் ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்து கேஸ் இருந்தால் 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் ஊறவைத்து எடுப்பது பல இடங்களில் வழக்கம். அதற்குப் பெயர் கிருமி குறைப்பு. முழுமையாகக் கிருமி நீக்க அதே திரவத்தில் சுமார் 10 மணி நேரம் வேண்டும். பிறகு குழாய்த் தண்ணீரில் அலசினால் ஊறவைத்ததும் வீண். கருவியைக் கழற்றி, என்சைம் கரைசலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பதே முறை.

நீங்கள் செய்ய வேண்டியது: சீழை மட்டும் பஞ்சில் தொட்டு அனுப்பாமல், திசுத் துணுக்கையும் எடுத்து ‘மைக்கோபாக்டீரியா கல்ச்சர்’ (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். கிருமி வளர்க்கும் சாதாரணத் தட்டுகளை இரண்டு நாளில் தூக்கி எறிந்துவிடுவார்கள். இந்தக் கிருமிக்குக் குறைந்தது ஒரு வாரம் தேவை. ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனை காசநோயை மட்டுமே காட்டும்; நெகட்டிவ் வந்தால் விஷயம் முடிந்ததாகாது. கல்ச்சர் வராமல் டி.பி. மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம், அது பெரும்பாலும் இவற்றைக் கொல்லாது. கிளாரித்ரோமைசினுடன் இன்னொரு மருந்து, மாதக் கணக்கில். கூடவே புண் பாதையை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். ஜிப்மர் ஓ.பி.க்குப் போவதானால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் நோட்ஸையும் கேட்டு வாங்கிப் போங்கள்.

அம்மாவுக்குப் பெருங்குடலைக் கேமராவில் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி. இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின். எதை நிறுத்துவது?
*– வாசகி, பண்ருட்டி*

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினை வழக்கமாகத் தொடர்வார்கள். வெறும் பார்வைக்கும் சதைத் துணுக்கு எடுக்கவும் குளோபிடோக்ரலை நிறுத்தத் தேவையில்லை. பெரிய பாலிப்பை (குடலின் உள்சுவரில் வளரும் சதையை) நீக்க வேண்டுமானால் 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவார்கள், அதுவும் இதய டாக்டர் சரி என்று சொன்னால்தான். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.

பலர் சொல்ல மறப்பது டாபாகிளிஃப்ளோசின். பட்டினியோடு அது சேர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை ஒரு வாரம் முன்பே நிற்கட்டும், குடலைக் கறுப்பாக்கிவிடும்.

பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளும் கீரை, கேழ்வரகு, கொய்யா வேண்டாம். பண்ருட்டிக்காரர்களிடம் சொல்லச் சங்கடம்தான், பலாவும் முந்திரியும் கூட வேண்டாம். பேதி மருந்தில் பாதி முந்தைய மாலை, மீதி பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு. கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் சிறு பாலிப் கண்ணில் படாது. குடலில் ஓட்டை விழுவது சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். பாலிப் எடுத்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் ரத்தம் கசியத் தொடங்கலாம், அதுவரை தூரப் பயணம் வேண்டாம்.

குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுச் சுவரைத் தாங்கும் வலை வைத்துப் பத்து நாள். அதே இடத்தில் வீக்கம். மறுபடி இறங்கிவிட்டதா? படகில் எப்போது ஏறலாம்?
*– வாசகர், கடலூர் முதுநகர்*

பெரும்பாலும் நீர் கோத்திருக்கும். இருமும்போது பெருக்காமல், படுத்தாலும் அப்படியே இருந்தால் அதுதான். ஊசி குத்தி எடுக்கச் சொல்லாதீர்கள். வலையில் கிருமி ஏறிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தானே வடியும். சிவந்து சுட்டாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டுங்கள். நடப்பது இன்றே சரி. மீன் வலை இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது நான்கு முதல் ஆறு வாரம் கழித்து.